ரிட்டன் வந்த பூனை

அது தூங்கல. தூங்கற மாதிரி சுருண்டு கிடக்கு, அவ்வளவுதான். கட்டிலுக்கு அடியில சுவரோரமா, இருட்டுக்குள்ள கறுப்பா ஒரு மூட்டை, அதுல ரெண்டு மினுக்கல். கண்ணு. என்னையே பாக்குது, இமைக்கக்கூட மாட்டேங்குது, எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க. பாரு, நல்லாப் பாரு, நானும் லேசுப்பட்டவ இல்ல. சாப்பிட்டுக் கை கழுவினதும் பிளாஸ்டிக் நாற்காலிய இழுத்து ரூம் நிலைப்படிகிட்ட போட்டு உக்காந்தவதான், இன்னும் எழுந்திருக்கல. முதுகுக்குப் பின்னாடி ஹால், அதுக்கும் அந்தப் பக்கம் வாசல். காத்துக்காகக் கதவத் திறந்து வச்சிருக்கேன், ஆனா கிரில் கேட்டப் பூட்டியாச்சு, பூட்ட இழுத்தும் பாத்தாச்சு. தி.நகர்ல அவ்வளவு பெரிய ஜவுளிக்கடையில வாசல் செக்கிங்ல நின்னவ நான். குணசுந்தரி நிக்கறான்னா அந்த வாசல் வழியா ஒரு கர்ச்சீப் வெளிய போகாதுன்னு முதலாளியே சொல்லுவாரு. தீபாவளிக் கூட்டத்துலகூட பையைத் தொட்டதும் உள்ள பில்லுக்கு மேல என்ன இருக்குன்னு கை சொல்லிடும். கடை மூடறப்ப சேல்ஸ் பொண்ணுங்களை வரிசையா நிக்க வச்சு, கழுத்துலேர்ந்து கணுக்கால் வரைக்கும் தடவிப் பாத்துத்தான் அனுப்புவேன். அதுங்க என்னை முன்னாடி அக்கான்னும் பின்னாடி வேற என்னவோன்னும் கூப்பிடும். கூப்பிட்டுட்டுப் போகட்டும். அந்தப் பழக்கம் இருக்கே, ரிட்டயர் ஆகியும் கையை விட்டுப் போகல. நேத்து சாயங்காலம் அந்த ஷெல்ட்டர் பொண்ணு ஹரிணி கூடையைத் திறந்து பூனைய என் கையில குடுத்ததும் நான் என்ன பண்ணேன்? கொஞ்சினேனா? காதைத் திருப்பிப் பாத்தேன், கழுத்துலேர்ந்து அடிவயிறு வரைக்கும் தடவினேன், வாலைத் தூக்கினேன், வாயைப் பிரிச்சுப் பல்லைப் பாத்தேன். "அய்யோ ஆன்ட்டி, என்ன பண்றீங்க?"ன்னு அவ கத்தறதுக்குள்ள இது என் பெருவிரல்ல ஒரு கடி கடிச்சுட்டு ஓடிப் போய் இங்க பூந்துக்கிச்சு. "தடுப்பூசி எல்லாம் போட்டாச்சு ஆன்ட்டி, பயப்படாதீங்க"ங்கறா. யாருக்குடி போட்டிருக்கு, எனக்கா? அப்புறம் இது வெளியவே வரல. மத்தி மீன வேக வச்சு, உப்பு காரம் ஒண்ணும் போடாம, முள்ளை எடுத்துச் சோத்துல பிசைஞ்சு வச்சேன். எறும்புதான் சாப்பிட்டுது. கடி வாங்கினவ நான், கோவம் வந்தது இதுக்கு.

இடது காது நுனி வெட்டுப்பட்டிருக்கு. ஆபரேஷன் ஆன பூனைக்கு அடையாளமா அப்படி வெட்டி விடுவாங்களாம். இருக்கலாம். எங்கயாவது மீன் திருடி மாட்டிக்கிட்ட காதாவும் இருக்கலாம். பேரு மோச்சாவாம். என்ன பேரு அது, வாய்க்குள்ள ஏதோ மாட்டிக்கிட்ட மாதிரி. பதினோரு வயசாம். இதுக்கு முன்னாடி ரெண்டு வீட்டுக்குப் போய் ரெண்டு வீட்லேர்ந்தும் திரும்பி வந்துடுச்சாம். நான் துருவித் துருவிக் கேட்டப்புறம்தான் அதையே சொன்னா. ரிட்டன் வந்த சரக்கு. எனக்குத் தெரியாதா ரிட்டன் சரக்கைப் பத்தி? புடவை திரும்பி வந்தா மடிப்புக் கலையாம அயர்ன் போட்டு, புதுக் கவர்ல நுழைச்சு, அடுக்குல மேலாக வச்சுடுவாங்க. அடுத்து வர்ற அம்மா அதைத்தான் முதல்ல தொடும். முந்தானையில எங்கயோ ஒரு இழை ஓடியிருக்கும், இல்ல விரல் நகம் அளவுக்கு ஒரு கறை. வீட்டுக்குப் போய் விரிச்சப்புறம்தான் தெரியும். அப்ப இந்தப் பூனையில எங்க இழை ஓடியிருக்கு? ரெண்டு வீட்டுக்காரங்களும் என்னத்தைப் பாத்துட்டு வேணாம்னாங்க? கேட்டா, "ஒருத்தங்க ஊர் மாறிட்டாங்க ஆன்ட்டி, இன்னொருத்தங்களுக்குக் குழந்தை பொறந்துடுச்சு"ன்னு உடனே பதில் வருது. ரெடியா வச்சிருக்கற பதில். உண்மை சொல்றவங்க கொஞ்சம் யோசிப்பாங்க. நான் என்ன இதையா கேட்டுப் போனேன்? பார்க்ல பூனை தத்துக் குடுக்கற முகாம் போட்டிருந்தாங்க, முருங்கைக்காய் வாங்கப் போனவ எட்டிப் பாத்தேன், ஒரு கூண்டுல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செவலைக் குட்டி. அதைத்தான் காட்டினேன். அந்தப் பொண்ணு என் முகத்தைப் பாத்தா, நரைச்ச தலையைப் பாத்தா, "வீட்ல யார் யார் இருக்கீங்க?"ன்னா. நான் மட்டும்தான்னேன். உடனே குரல்ல ஒரு சக்கரை. "குட்டின்னா ரொம்ப ஓடும் ஆன்ட்டி, உங்களுக்குக் கஷ்டம். பெரிய பூனைன்னா அமைதியா இருக்கும், உங்களுக்குச் செட்டாகும்." எனக்கா புரியாது? குட்டி இன்னும் எவ்வளவு காலம் இருக்கும், இந்தக் கிழவி எவ்வளவு காலம் இருப்பா, எது முந்தும்னு மனசுக்குள்ளயே கூட்டிக் கழிச்சுட்டா. எனக்கும் இதுக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்துல கணக்கு முடியணும்னு பாத்துப் பொருத்தம் போட்டிருக்கா. கல்யாணத் தரகர்கூட இவ்வளவு கச்சிதமாப் பாக்க மாட்டார். அப்பவே போடி உன் பூனையும் ஆச்சுன்னு வந்திருக்கணும். வரலியே. ஏன் வரல? இது கூண்டோட மூலையில முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தது. மத்ததெல்லாம் கம்பிய உரசிக்கிட்டுக் குழையுது, இது மட்டும் யாரையும் நம்பறதா இல்ல. அந்த முதுகு எனக்குப் பிடிச்சுப் போச்சு. வேற என்ன சொல்ல.

அதோட விட்டாளா? நேத்து கிளம்பறப்ப ஆரம்பிச்சா. "ஒரே ஒரு கண்டிஷன் ஆன்ட்டி. உங்களுக்கு எதாவது ஆச்சுன்னா இதைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும். நாளைக்கு சாயங்காலம் வருவேன், அவங்ககிட்ட நான் பேசணும். ஆள் இல்லன்னா கூட்டிட்டுப் போயிடுவேன், ஸாரி." மறுபடியும் கூண்டு. இந்த வயசுல மூணாவது தடவை திரும்பிப் போன பூனைய இனிமே எவன் எடுப்பான்? ஆனா என் பக்கமும் கொஞ்சம் பாருங்க. உனக்கு எதாவது ஆச்சுன்னா யார் இருக்கான்னு ஒருத்தி சிரிச்சுக்கிட்டே கேக்கறா, வாயில பேரு வரமாட்டேங்குது. வீட்டுக்காரர் போனப்புறம் அந்தக் கேள்விய நான் என்கிட்டகூடக் கேட்டது கிடையாது. கடைக்குப் போய்க்கிட்டிருந்த வரைக்கும் நாலு பேரை முறைச்சுட்டாவது வருவேன். இப்ப சீரியல்ல வர்றவகிட்டதான் சண்டை போடறேன். ஒருநாள் குளிக்கறப்ப வழுக்கி விழுந்தாலோ, தூக்கத்துலயே போயிட்டாலோ, பால் பாக்கெட் வாசல்ல கெட்டுப் போய் நாத்தம் எடுத்தப்புறம்தான் ஆள் வரும். பயமா இருக்கு. இதை யார்கிட்ட சொல்ல? அதுக்காகத்தான் ஒரு உயிர் வீட்ல இருக்கட்டும்னு போனேன், போன இடத்துலயும் ஜாமீனுக்கு ஆள் கேக்கறாங்க. காலையில வேற வழியில்லாம தம்பி மகன் திலீபனுக்குப் போன் போட்டேன். ஆவடியில இருக்கான், பொங்கலுக்கு ஒரு தரம் வந்து, சுவரெல்லாம் தட்டிப் பாத்துட்டு, "வீடு நல்ல ஸ்ட்ராங்கா இருக்கு அத்தை"ன்னு சொல்லிட்டுப் போவான். விஷயத்தைச் சொல்லி முடிக்கல, "அதுக்கென்ன அத்தை, என் பேரையே குடுத்துடுங்க, நான் பாத்துக்கறேன்"ங்கறான். சந்தோஷப்படணும்ல? எனக்குச் சுருக்குன்னுது. பூனைக்கு என்ன வயசு, என்ன சாப்பிடும், ஆணா பொண்ணா, ஒண்ணு கேக்கல. இவ்வளவு சீக்கிரம் சரின்னு சொல்றவன் எதுக்குச் சரி சொல்றான்? பூனைக்கா, பூனை இருக்கற வீட்டுக்கா? என்னைத் தூக்கின அன்னிக்கே இதைச் சாக்குல போட்டுக் கோயம்பேடு மார்க்கெட் பக்கம் விட்டுட்டு வந்துடுவான். "யோசிச்சுச் சொல்றேன்டா"ன்னு வச்சுட்டேன். என்னன்னு யோசிக்கறது? யார் இருக்கா? இந்த ஹவுசிங் போர்டு பிளாக்லயே இத்தனை வருஷம் இருந்தும், நம்பி ஒரு சாவியைக் குடுக்க எனக்கு ஆள் கிடையாது. எதிர் வீடுன்னு ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லாதீங்க. யாரும் சொல்லல, நானேதான் சொல்லிக்கறேன்.

எதிர் வீட்டு ரோஸ்மேரி. ஸ்கூல்ல ஆயாவா வேலை பாத்த அம்மா, என்னைவிட மூத்தவங்க, புருஷன் முன்னமே போயாச்சு, மக துபாய்ல. பாத்தா சிரிப்பேன், அவங்களும் சிரிப்பாங்க, அத்தோட சரி. சீனி இருந்தவரைக்கும் அப்படி இல்ல, கறிக்குழம்பு இங்கேர்ந்து போகும், மீன்குழம்பும் கேக்கும் அங்கேர்ந்து வரும். சீனின்னா எங்க பழைய பூனை, வெள்ளை. அவர்தான் மழையில நனைஞ்சு கிடந்துச்சுன்னு டூட்டி முடிஞ்சு வர்றப்ப சட்டைக்குள்ள வச்சுக் கொண்டாந்தார். அவர் மின்வாரியத்துல லைன்மேன், பேரு தாமோதரன், ஊர்ல எந்த நாய் பூனை அடிபட்டாலும் அவர் கண்ணுலதான் படும். பிள்ளை இல்லாத வீடு, கேக்கணுமா, சீனிதான் எல்லாம். ஒருநாள் கடையிலேர்ந்து வரேன், மாடிப்படி ஏறற இடத்துல வாயில நுரையோட இழுத்துக்கிட்டிருக்கு. என் மடியிலயே போச்சு. எலி மருந்துன்னு பாத்ததும் தெரியும். அதுக்குள்ள என் கண்ணு எங்க போகும்? எதிர் வீட்டுக் குப்பை வாளியில மேலாக எலி மருந்துக் கவர், கிழிச்சுக் காலியாக் கிடக்கு. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? நான் கத்தல, கேக்கல. செக்கிங்ல எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே அதுதான், சந்தேகம் வந்தா கூச்சல் போடாத, பாத்துக்கிட்டே இரு. பாத்துக்கிட்டே இருந்தேன். அவங்க வச்ச குழம்பை வாங்கி சிங்க்ல ஊத்தினேன். கேக்கைக் காக்காய்க்குப் போட்டேன். கொஞ்ச நாள்ல அவங்களே குடுக்கறதை நிறுத்திட்டாங்க, குத்தமுள்ள நெஞ்சுதானேன்னு நினைச்சுக்கிட்டேன். இவர் வேற, நான் வாயைத் திறந்தாலே, "அந்தம்மா அப்படிச் செய்யாது குணா, விடு"ம்பார். எப்பப் பாத்தாலும் அவங்க பக்கம்தான். அது எனக்கு இன்னொரு வழியிலயும் சுருக்குன்னு தைச்சுது. சே, அந்தக் கழுதையை இப்ப எதுக்கு இழுக்கணும். அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும். தெரியும்னுதான் நினைக்கறேன். இனிமே பூனையே வேணாம்னு அவர்தான் சொன்னார், நானும் சரின்னேன், அவர் போயும் வருஷமாச்சு, இப்ப மறுபடியும் ஒரு பூனை, அதே எதிர் வீடு. இது வந்தது அந்தம்மாவுக்குத் தெரியும். நேத்து கதவிடுக்கால எட்டிப் பாத்தாங்க. பாத்துட்டு, "பூனையா குணா?"ன்னு கேட்டாங்க. ஒரு மாதிரியான குரல். அந்தக் குரல் ராத்திரியெல்லாம் காதுல இருந்துச்சு. சந்தோஷமா அது? பயமா? மறுபடியும் ஆரம்பிச்சுட்டியாங்கற மாதிரியா? ஒரு சொல்லுக்குள்ள எவ்வளவைத்தான் ஒளிச்சு வைப்பாங்க மனுஷங்க.

வெயில் இறங்கிடுச்சு. கீழ பானிபூரி வண்டி மணி கேக்குது, ஹரிணி வர்ற நேரம். இது அசையவே இல்ல. ஏய் மோச்சா. மினுக்கிட்டே இருக்கு ரெண்டு கண்ணும். பசியாவது இருக்காதா உனக்கு? உன்கிட்ட வந்து மன்னிப்பு கேக்கணுமா நான், பல்லைத் தொட்டுப் பாத்ததுக்கு? சரி, தப்புதான், வா. வரமாட்டே. இப்படித்தான் ரெண்டு வீட்லயும் இருந்தியா, பாத்துக்கிட்டே, ஒண்ணும் சொல்லாம? அதான் கொண்டாந்து விட்டுட்டாங்க. யாருக்குப் பிடிக்கும் இருபத்திநாலு மணி நேரமும் ஒருத்தி முறைச்சுக்கிட்டே இருந்தா. இருங்க. ஒரு தடவைகூட இமைக்கலியே இது. மூச்சு விடுதா? வயசான உடம்பு, வந்த இடத்துல பயத்துலயே போயிட்டா? எழுந்தேன், முட்டி ரெண்டும் மடக்குன்னுது, தரையில கையூணிக் குனிஞ்சு தொடப்பக்கட்டையோட பின்பக்கத்தால மெல்லத் தள்ளினேன். கனமா இருந்துச்சு, அப்படியே சாய்ஞ்சுது. அய்யோன்னு கையை விட்டு இழுத்தா, பை. அவர் டூட்டிக்குச் சாப்பாடு எடுத்துட்டுப் போற கறுப்பு ரெக்ஸின் பை. முன்னாடி ரெண்டு பக்கிள், ஜன்னல் வெளிச்சத்துல பளபளங்குது. மதியம் முச்சூடும் நான் ஒரு பையை முறைச்சுக்கிட்டு உக்காந்திருந்திருக்கேன். பூனை எங்க? பீரோவுக்குப் பின்னாடி இல்ல, சமையக்கட்டுல இல்ல, பாத்ரூம்ல இல்ல. கிரில் கேட் பூட்டினபடி இருக்கு, அந்தக் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல ஒரு பூனை என்ன, பூனைக் குடும்பமே போகலாம். பெரிய செக்கிங்காரி!

பூட்டைத் திறந்து வெளிய ஓடினேன். எதிர் வீட்டுக் கதவு அகலத் திறந்திருக்கு. உள்ள முக்காலியில ரோஸ்மேரி காலை நீட்டி உக்காந்திருக்காங்க, கீழ பேப்பரை விரிச்சு அதுல ஏதோ வச்சிருக்காங்க, என் பூனை தலையைக் குனிஞ்சு சப்புக்கொட்டித் தின்னுக்கிட்டிருக்கு. ஒரே எட்டுல அவங்க நிலைப்படியில நின்னேன்.

"என்னத்தைப் போட்டீங்க? எடுங்க அதை! என்ன கலந்து வச்சிருக்கீங்க?"

"நெத்திலி, குணா." அந்தம்மா எழுந்திருக்கப் பாத்தாங்க, முட்டி விடல. "எனக்கு வாங்கினது. வேக வச்சுக் குடுத்தேன். மதியமே வந்துடுச்சு. குரல் குடுத்தேன், நாற்காலியில தலை தொங்கிக் கிடந்தே, நீ அசையல. தூங்கறியோன்னு நினைச்சேன்."

"சீனிக்கும் இப்படித்தான் வேக வச்சுக் குடுத்தீங்களா?"

சொல்லிட்டேன். இத்தனை வருஷம் தொண்டையில வச்சிருந்தது, அப்படியே வெளிய வந்து விழுந்துடுச்சு. பூனைகூட ஒரு நிமிஷம் தலையைத் தூக்கிப் பாத்துச்சு. ரோஸ்மேரி அழுவாங்க, கத்துவாங்க, ஏசப்பா சாட்சின்னு சத்தியம் பண்ணுவாங்கன்னு பாத்தா, பெருமூச்சு விட்டாங்க. பஸ்ஸுக்கு ரொம்ப நேரமா நின்னவங்களுக்கு ஒருவழியா பஸ் வந்த மாதிரி.

"இப்பவாவது வாயைத் திறந்து கேட்டியே. நான் வைக்கல குணா. உன் வீட்டுக்காரர் வச்சார்."

"யாரு?"

"பரண்ல உன் பட்டுப்புடவையை எலி கடிச்சுடுச்சுன்னு தக்காளியில மருந்து தடவி வச்சிருக்கார், உனக்குத் தெரிஞ்சா பூனை இருக்கற வீட்லயான்னு நீ கத்துவியேன்னு சொல்லாம. எலி அதைத் தின்னு, எலியைச் சீனி தின்னுடுச்சு. நீ வர்றதுக்குள்ள கவரை என் குப்பை வாளியில போட்டுட்டார். மறுநாள் நீ கடைக்குப் போனப்புறம் இதோ இந்த வாசல்ல நின்னு குழந்தை மாதிரி அழுதார். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அக்கான்னார்."

பொய். பொய்தான் இது. செத்த மனுஷன் வந்து இல்லன்னா சொல்லப் போறார்? யார் மேல வேணாலும் போடலாம், நல்ல வசதி. அந்தம்மா கண்ணைப் பாத்தேன். ஆயிரம் பேர் கண்ணைப் பாத்தவ நான், பொய் சொல்றவங்க கண்ணு எங்க ஓடும், கை எதைத் தேடும் எல்லாம் தெரியும். எதையாவது கண்டுபிடிச்சுடணும்னு தேடினேன், சத்தியமாச் சொல்றேன், என் வாழ்க்கையில ஒருத்தர் பொய் சொல்லணுமேன்னு அவ்வளவு ஆசைப்பட்டுத் தேடினது கிடையாது. ஒண்ணும் கிடைக்கல. அவங்க பாட்டுக்கு என்னைப் பாத்துக்கிட்டிருந்தாங்க. பாவி மனுஷா, என் மடியிலதானே சீனி செத்துச்சு, பக்கத்துல நின்னு என் முதுகைத் தடவிக் குடுத்தியே. அந்தம்மாவை நான் நாய் மாதிரி நடத்தினப்ப தினமும் சோத்தைத் தின்னுட்டுப் பேசாம இருந்தியே. உன்னை மட்டும்தான்யா நான் சோதிச்சுப் பாத்ததில்ல. எனக்கு அவர் மேல கோவம், அவர் இல்லாததால அந்தம்மா மேல கோவம்.

"அவர் போனப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல? உங்களை எவ்வளவு கேவலமா... நீங்க ஏன் சொல்லல?"

"சொல்லணும்னு பலநாள் உன் வாசல் வரைக்கும் வந்திருக்கேன்." ரோஸ்மேரி பேப்பர் ஓரத்தை மடிச்சுப் பூனைகிட்ட மீனைத் தள்ளி விட்டாங்க. "நீ உலகத்துல யாரையும் நம்பறவ இல்ல. அவர் ஒருத்தரைத்தான் நம்பின. அதையும் நான் எதுக்குப் பிடுங்கணும்?"

அவங்க வீட்டு நிலைப்படியிலேயே உக்காந்துட்டேன். மன்னிப்புன்னு ஒரு வார்த்தை இருக்கு, அது நுனி நாக்கு வரைக்கும் வந்து திரும்பிப் போகுது, வெறும் ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு சிங்க்ல ஊத்தின குழம்பை எப்படித் திருப்பி எடுக்கறது? பூனை சாப்பிட்டு முடிச்சுட்டு, மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, எங்க ரெண்டு பேருக்கும் முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்துச்சு. மாடிப்படியில ஷூ சத்தம். ஹரிணி மூச்சு வாங்க ஏறி வந்தா, கையில காலிக் கூடை.

"வெளிய வந்துடுச்சா ஆன்ட்டி? சாப்பிட்டுடுச்சா? சூப்பர்! யாரு, அந்த ரெண்டாவது ஆள் யாருன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

கூடையோட மூடி திறந்தேதான் இருந்துச்சு. திலீபன் பேரு ரெடியா இருக்கு, சொன்னா முடிஞ்சுது. நான் ரோஸ்மேரியைக் கை காட்டினேன். கேக்காமதான் காட்டினேன். அந்தம்மா முடியாதுன்னு சொல்லியிருக்கலாம், சொல்றதுக்கு எல்லா நியாயமும் இருக்கு. "எனக்கு இவளைவிட வயசு ஜாஸ்திம்மா, முட்டி வேற போச்சு"ன்னு ஹரிணிகிட்ட சொன்னாங்க, "இருந்தாலும் எதிர் வீடுதானே, பாத்துப்பேன்."

ஹரிணி என் பக்கம் திரும்பினா. "நம்பலாம்ல ஆன்ட்டி இவங்களை?" சிரிச்சுக்கிட்டு, சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டா, சின்னப் பொண்ணு, அவளுக்கு என்ன தெரியும். ரோஸ்மேரி நிமிரல. பூனையோட முதுகையே பாத்துக்கிட்டு, மடிச்ச பேப்பரை மறுபடி மறுபடி மடிச்சாங்க. நான் என்ன சொல்லப் போறேன்னு அவங்க காத்துக்கிட்டிருக்காங்கன்னு அப்பதான் எனக்கு உறைச்சுது. இன்னிக்கு மட்டும் இல்ல, ரொம்ப வருஷமாவே.

"நம்பலாம்"னேன். ஹரிணியைப் பாத்துத்தான். இன்னொரு தடவை, அவங்களுக்குக் கேக்கற மாதிரி சொன்னேன்.